மதிலைக் கட்டிய காளானும் அரை மாடும்

நான் வேலை செய்வது கண்டி நகரத்தில், ஒரு காப்புறுதி நிறுவனத்தில். எதிர்பாராத செலவு எப்போது வேண்டுமானாலும் வரும், முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளம் ஒன்றே குடும்பத்துக்குப் போதும் என்று நான் நினைத்திருந்தேன். என் மனைவி அப்படி நினைக்கவில்லை.

அவள் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். கொழுந்து குறைந்த மாதத்தில் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள். அதனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏதாவது ஒன்றைத் தொடங்கிக்கொண்டே இருந்தாள். முதலில் பிளவுஸ் தைத்தாள். பிறகு முன்னறையைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டாள். சாமான் அறையில் மரத்தூள் பைகளைத் தொங்கவிட்டுக் காளான் வளர்த்தாள். தெல்தோட்டையில் இருக்கும் அவளுடைய அண்ணனோடு கூட்டாக ஒரு கறவை மாடும் வாங்கினாள். வருவதில் கொஞ்சத்தைச் சீட்டில் கட்டினாள், மிச்சத்தை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டாள்.

வீட்டில் எனக்கென்று உட்கார மிஞ்சியது ஒரேயொரு கதிரை. அதன் மேலும் யாராவது ஒரு கல்யாணப்பெண்ணின் பிளவுஸ் துணி கிடக்கும்.

"அரை மாடு வாங்கியிருக்கியே, அது முன்பக்கமா, பின்பக்கமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பால் வர்ற பக்கம்," என்றாள், தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. முற்றத்து மண்ணைத் தாங்கி நிற்பது ஓர் உயரமான கல்மதில். மதிலுக்குக் கீழ் வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா தனியாக இருக்கிறார். இங்கிலீஸில் கடிதம் எழுதும் அரசாங்க வேலையாகக் கண்டிக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய பாத்ரூம் வீட்டுக்கு வெளியே, எங்கள் மதிலை ஒட்டினாற்போல இருந்தது. எங்களைப் பற்றி அவருக்கு எப்போதும் ஏதாவது குறை உண்டு. தையல் மெஷின் சத்தம், முன்னறையில் தங்கும் போர்டிங் பிள்ளைகளின் சிரிப்பு, எங்கள் வாழையிலை அவர் பக்கம் எட்டிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் படியேறி வந்து சொல்லிவிட்டுப் போவார்.

விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். சனிக்கிழமை காலையில், தோளில் துவாயும் கையில் குடையுமாக ஐயா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, உங்கட காளான் மணம் என்ர வீட்டுக்குள்ள வருது. குளிக்கப் போன நான், பொறுக்கேலாமல் ஏறி வந்தனான். இதுக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ."

மனைவி முடிவு சொல்வதற்குள் வீடே ஒருமுறை அதிர்ந்தது. முற்றத்தில் பாதியைக் காணோம். மூவரும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். மதில் அப்படியே கீழே சாய்ந்து, ஐயாவின் பாத்ரூமைத் தட்டையாக்கிவிட்டு அதன் மேல் படுத்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு நீல வாளியின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

ஐயா துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் குடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நான் இப்ப அதுக்குள்ள நிண்டிருக்க வேணும்," என்றார் மெதுவாக.

என் மனைவி அவரை உள்ளே கூட்டிவந்து என் கதிரையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். "சீனி காணாது பிள்ளை," என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

எங்கள் மதில், அவருடைய பாத்ரூம். இரண்டையும் கட்டித்தர வேண்டியது நாங்கள்தான். நான் தைரியமாக அலுமாரியைத் திறந்து எங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்தேன். என் கையாலேயே நிரப்பியது. தீவிபத்துக்கும் களவுக்கும் மட்டும்தான் எடுத்திருந்தேன்.

"மதில் விழுந்தா குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப திருடன் வந்து மதிலத் தூக்கிட்டுப் போயிட்டான்னு எழுதுங்க."

திங்கட்கிழமை கொத்துவேலை செய்யும் மேசன் பாஸ் வந்து பார்த்தார். கல், கம்பி, சீமெந்து, தண்ணீர் வடிய குழாய் என்று அவர் சொல்லச் சொல்ல நான் காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் கூட்டினேன். என் சம்பளத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த மதிலை மாதத்துக்கு ஒரு வரிசைக் கல்லாகத்தான் கட்டியிருப்பேன்.

அதுவரை காத்திருக்கவும் வழியில்லை. ஐயாவுக்குப் பாத்ரூம் இல்லாததால் அவர் எங்களுடையதைப் பாவித்தார். விடிந்ததும் வந்துவிடுவார். அவருக்குப் பின்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருவர், அவர்களுக்குப் பின்னால் வீட்டுக்காரனான நான். ஐயா உள்ளே இருந்தபடியே குறைகளை அறிவிப்பார்.

"தம்பி, இந்தத் தாழ்ப்பாள் சரியில்லை! சவர்க்காரமும் வழுக்குது!"

"சவர்க்காரம் வழுக்கத்தான் செய்யும் ஐயா, வெளிய வாங்க. எனக்கு பஸ் போயிரும்!"

நிலையான வைப்பை உடைத்துவிடலாம் என்றேன். வங்கியில் கேட்டபோது, முதிர்வதற்கு முன் எடுத்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும் என்றார்கள். மனைவி கும்பிடு போட்டுவிட்டு என்னை வெளியே கூட்டிவந்தாள்.

"அது கடைசிக்குத்தாங்க. மொதல்ல மத்ததுக எல்லாம் என்ன சொல்லுதுனு பாப்போம்."

சீட்டில் அந்த மாதம் எடுக்க வேண்டிய அக்காவிடம் பேசி, தன் முறையோடு மாற்றிக்கொண்டாள். அது சீமெந்துக்கும் கம்பிக்கும் ஆயிற்று. போர்டிங் பிள்ளைகளின் பெற்றோர் வரும் மாதங்களின் வாடகையை முன்கூட்டியே அனுப்பினார்கள். பிள்ளைகள் பாத்ரூம் வரிசையில் நிற்பதைப் பற்றி வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணப் பிளவுஸ்களுக்கு வாங்கிய முற்பணமும் காளான் விற்ற காசும் பாஸுக்கும் அவருடைய ஆட்களுக்கும் நாட்கூலி கொடுக்க உதவின. மதியச் சாப்பாட்டுக்கும் காளான் கறிதான். மூன்றாம் நாள் பாஸ் என்னைத் தனியாக அழைத்து, "சேர், ஒரு கருவாடாச்சும் கிடைக்காதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

கடைசியாக மணலுக்கும் கல்லுக்கும் கொஞ்சம் குறைந்தது. அவளுடைய அண்ணன், என் மச்சான், தெல்தோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார். கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கியதிலிருந்து எங்கள் வீடு வரும்வரை ஒரு பால்கேனைக் கையை விட்டு இறக்கவில்லை. பாலாக்கும் என்று நான் அதை வாங்கி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனேன்.

"யோவ், அதக் கொதிக்க வச்சிராதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். மாட்டில் தங்கையின் பங்கைத் தானே வாங்கிக்கொண்டு, அந்தக் காசை பஸ்ஸில் யாரும் அடித்துவிடாமலிருக்க கேனுக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அன்று இரண்டு லொறி மணல் வந்து இறங்கியது. யாரிடமும் வட்டிக்கு வாங்கவில்லை, வங்கி வைப்பையும் உடைக்கவில்லை. அவள் கையில் கிடந்த வளையல் இரண்டும் கையிலேயே கிடந்தன. அதைப் பார்க்கும்போது எனக்கு அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு மணல் சுமக்கப் போனேன்.

மதில் முடிந்து, ஐயாவின் புதுப் பாத்ரூமும் முடிந்தது. பழையதைவிடப் பெரிது, வெள்ளைத் தரைஓடு வேறு. ஐயா சாமிப்படம் ஒன்றுக்கு முன்னால் தேங்காய் உடைத்து உள்ளே போனார். நாங்கள் வெளியே காத்து நின்றோம்.

"பைப் கொஞ்சம் இறுக்கம்," என்று குரல் வந்தது. பிறகு, "மற்றபடி நல்லாத்தான் கிடக்கு."

அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் பாராட்டு அது. அடுத்த வாரம் அவர் படியேறி வந்து, வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில் என் மனைவியைக் கேட்டார்: "பிள்ளை, பென்சன் மட்டும் வச்சிருக்கிறது புத்தியில்லைப் போல. என்னைப் போல ஆளுக்கும் செய்யக்கூடிய மாதிரி ஏதும் இருக்கோ?"

"இங்கிலீஸ் படிச்சுக் குடுங்க ஐயா. குறை கண்டுபிடிக்க ஒங்களுக்குச் சொல்லியா தரணும்?" என்றாள். அவர் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள் இலக்கணப் பிழைக்குத் திட்டு வாங்குகிறார்கள். என் மனைவி சீட்டை மறுபடி முதலிலிருந்து கட்டுகிறாள். மாட்டுக்குப் பதிலாக அண்ணனின் கோழிக்கூட்டில் பங்கு கேட்டிருக்கிறாளாம். இந்த முறை எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கூட்டுக்குக் கம்பிவலை எங்கே மலிவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.