இராணி அக்கா குடித்த தேநீர்

இராணி அக்காவின் மகள் துளசி அழைத்தபோது நான் டிராமில் இருந்தேன். "அக்கா, அம்மா விடியக்காலமை போயிட்டா" என்றாள். சற்று நிறுத்தி, "ஆஸ்பத்திரியில இல்லை, வீட்டிலதான். வெய் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலயே இருந்தவர்" என்று தன் கணவரைப் பற்றிச் சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பனியில் நின்று அழுதேன். அழுதாலும் உள்ளுக்குள் பெரிய நிம்மதி. நினைவு மலரில், சாவுச் செய்தி கேட்டு நிம்மதி என்று எழுதுகிறாளே என்று யாரும் கோபிக்க வேண்டாம். இராணி அக்காவை அறிந்த உங்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் திருச்சிக்காரி. ஆஸ்லோவில் நான் படிக்க வந்த கல்லூரியில், சீனப் பண்பாட்டைக் கைவேலை வழியாகக் கற்பிக்கும் பாடம் ஒன்று இருந்தது. சிவப்புக் காகிதத்தில் உருவம் வெட்டுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, தூரிகை பிடிப்பது, தேநீர் பரிமாறுவது. தடித்த புத்தகம் கிடையாது என்பதற்காகவே சேர்ந்தவர்கள் அதிகம். நானும் அந்த ரகம். இருபது வயதுக்காரர்களுக்கு நடுவே ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மாள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். மழலையர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்துகொண்டே ஆசிரியைப் பட்டத்துக்குப் படிப்பவர்.

"தமிழோ?" என்று கேட்டார்.

"ஆமா."

"ஆமாவோ? அப்ப இந்தியா. நாங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

கைவேலையில் அக்கா கெட்டிக்காரி என்று நான் எழுதினால் அவரே எழுந்து வந்து மறுப்பார். அவர் வெட்டிய காகிதப் பூக்கள் பிரித்ததும் இரண்டாகிவிடும். அவர் வரைந்த மூங்கில் முருங்கைக்காய் போலிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் டிராகன் வெட்ட ஆசைப்பட்டபோது, சீனர்கள் கல்யாண வீட்டுக் கதவில் ஒட்டும் ‘இரட்டை மகிழ்ச்சி’ எழுத்தைத்தான் அக்கா திரும்பத் திரும்ப வெட்டினார். "இவையளுக்கு டிராகன் வேணும். எனக்குச் சம்பந்தி வேணும்" என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரே மகள் துளசி, வெய் என்ற சீனப் பையனைக் கல்யாணம் செய்யப் போகிறாள். அக்காவின் கணவர் வடக்கே பாட்ஸ்பியோர்ட் ஊர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். துளசி சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஆஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட் வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். சொந்தக்காரர்கள் தொலைபேசியில் அழைத்துத் திட்டினார்கள். அக்கா மகளைத் திட்டவில்லை. அவருடைய பயம் வேறு.

"குளிருக்கு எனக்குப் பயமில்லையடி. பிள்ளை எனக்குத் தெரியாத ஒரு வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டால் நான் என்ன செய்யிறது? கடைசி நேரம் ஆரோட கதைக்கிறது? அதுதான், அந்த வீட்டு வாசல் எங்கை இருக்கெண்டு முதல்ல பாக்க இந்த வகுப்புக்கு வந்தனான்."

தேநீர் வகுப்பன்று அக்கா முதல் வரிசைக்கு வந்துவிட்டார். எங்கள் ஆசிரியை லின் விளக்கினார்: கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள். பெரியவர் குடித்தால் பிள்ளையை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். குடிக்கும் வரை அவர்கள் எழக் கூடாது.

ஒத்திகையில் நான் மணப்பெண், ஐரிக் என்ற ஆறடிப் பையன் மாப்பிள்ளை, அக்கா தாய். நாற்காலியில் உட்காரத் தயங்கினார். "எங்கட சடங்கில தாலியறுத்தவள் பின்னுக்குத்தான் நிக்கிறது. இஞ்சை கதிரை போட்டு முன்னுக்கு இருத்தினம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். பிறகு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? பேசலாமா? அழலாமா? ஐரிக்குக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. ஒருவழியாகக் குடித்து முடித்தவர், அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து, "எழும்பு அப்பன், குடிச்சிட்டன்" என்றார். அவனும் எழுந்தான். வகுப்பே சிரித்தது.

உண்மையான நாளில் சிக்கல் வந்தது. வெய்யின் பெற்றோர் தங்கள் பஞ்சாங்கத்தில் நாள் குறித்துவிட்டுச் சீனாவிலிருந்து விமானம் ஏறிவிட்டார்கள். அது அமாவாசைக்கு மறுநாள், கந்தசஷ்டி விரதம் தொடங்கும் நாள். அக்கா விரதமென்றால் பொழுதுபடும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

"தேதியை மாத்தச் சொல்லலாமே அக்கா" என்றேன்.

"நாள் பாத்து வைச்சிருக்கினம். அதை மாத்தச் சொல்லுறதோ? நாங்களும் நாள் பாக்கிற ஆக்கள்தானே."

உதட்டில் வைத்தால் போதும் என்று துளசி சொல்லிப் பார்த்தாள். எல்லிங்ஸ்ருட் வீட்டுக் கூடத்தில் துளசியும் வெய்யும் மண்டியிட்டபோது, நான் சமையலறை வாசலில் நின்றேன். எதிரே வெய்யின் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கிண்ணத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். அடி வரை குடித்தார். "எழும்பு அப்பன், குடிச்சிட்டன்" என்றார்.

வெய்யின் அம்மா கைப்பையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மகனை இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவரும் அத்தனை தூரம் பயந்துகொண்டேதான் வந்திருக்கிறார். சாப்பாட்டில் அவர் வாத்துக்கறியைத் தொடவில்லை. சீன மாதப் பிறப்பன்று அம்மா மரக்கறிதான் சாப்பிடுவார் என்று வெய் விளக்கினார். "அப்ப அவவும் விரதமே?" என்று அக்கா எழுந்து, தான் சமைத்த மரக்கறி அத்தனையையும் சம்பந்தியின் தட்டிலேயே கொட்டினார்.

"உங்க விரதம் போச்சே" என்றேன் பாத்திரம் கழுவும்போது.

"குறத்தியைக் கட்டினவருக்குச் சம்பந்தி வீட்டுச் சங்கடம் தெரியாதே? முருகன் ஒண்டும் நினையார்."

அக்கா நோயில் விழுந்ததும் துளசியும் வெய்யும் எல்லிங்ஸ்ருட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். காலைத் தேநீர் வெய்யின் பொறுப்பு. கட்டிலருகே மண்டியிட்டு, இரண்டு கைகளாலும்தான் கொடுப்பார். அக்கா அதே வாக்கியத்தைத்தான் சொல்வார். பேச ஆளில்லாமல் போய்விடுவோம் என்று பயந்தவருக்கு, தன் பேச்சில் ஒரு வரியையாவது முழுதாகப் புரிந்துகொண்ட மருமகன் கடைசி வரை பக்கத்தில் இருந்தார். என் நிம்மதிக்குக் காரணம் இதுதான்.

இறந்த எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று அக்காவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்தின் முன் படைத்தார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்தார்கள். வெய் தேநீர்க் கிண்ணத்தோடு வந்து மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அதைப் படத்தின் முன் வைத்தார். வைத்தவர் எழவில்லை. உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துளசி முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அருகில் போய்க் குனிந்தேன். இத்தனை வருடம் கேட்டும் என் நாக்கில் ஒருநாளும் வராத அக்காவின் தமிழ் அப்போது தானாக வந்தது. அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

"எழும்பு அப்பன். அம்மா குடிச்சிட்டா."

வெய் எழுந்தார்.