மலையே இல்லாத ஊர்

மறையூர் ஜீப் ஸ்டாண்டில் ஜெகன் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. மற்ற டிரைவர்கள் பானட்டில் சாய்ந்துகொண்டு சவாரிக்குக் காத்திருக்கும்போது, இவர் மட்டும் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். சரியாக இருக்கும் டயரை உதைத்துப் பார்ப்பார். டீயைக்கூட நின்றபடிதான் குடிப்பார். "காலுல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்" என்பார் ஸ்டாண்டில் மூத்தவரான சுடலை அண்ணன். அப்படிப்பட்ட மனிதர் தலையில் மகள் ஒரு கேள்வியை ஏற்றி வைத்தாள். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள எந்தப் பள்ளிக்குப் போவது?

இந்து ஒரே மகள். பைலட் ஆகப்போகிறேன் என்று அவள் முதன்முதலில் சொன்னபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஜெகன் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சவாரிக்கு வந்த முன்பின் தெரியாத குடும்பத்திடம், காந்தல்லூர் போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனார். பிறகு இந்து எர்ணாகுளத்தில் தங்கிப் படித்து வானிலை, வழி கணிப்பது, வான்வழிச் சட்டம் என்று எல்லாப் பேப்பரையும் எழுதித் தேறினாள். மெடிக்கலும் முடிந்தது. இனிப் பறந்து பழக வேண்டியதுதான் பாக்கி. நம் நாட்டுப் பள்ளிகளில் விமானத்துக்கு வரிசை கட்டி நிற்க வேண்டியிருந்ததால் வெளிநாடு என்று முடிவாயிற்று.

அதற்கு மனைவி குருவம்மாளின் கரும்புத் தோட்டத்தை பேங்கில் அடகு வைக்க வேண்டும். அது அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது; அதை விட்டால் வேறு நிலம் கிடையாது. தோட்டத்தை ஒரு தடவைதான் வைக்க முடியும். பள்ளி சரியில்லாமல் போனால் இந்து பாதியில் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியில் தென்னாப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள் நின்றன. எர்ணாகுளத்து ஏஜெண்ட் ஜோஜோ போனில் மலையாளம் கலந்து அவசரப்படுத்தினான்.

"சேட்டா, ரெண்டும் நல்ல ஸ்கூல் தன்னே. பிளேன் உண்டு, இன்ஸ்ட்ரக்டர் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதுன்னு பறயணும். சீட் நிக்காது, கேட்டோ."

"அதெல்லாம் கிடக்கட்டும். அங்க மழை எப்பிடி?"

ஜோஜோவுக்கு மழையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஜெகனுக்கோ மழைதான் முக்கியம். மேகம் இறங்கிவிட்டால் பழகுகிற பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள். விடுதியில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருடப் படிப்பு இரண்டு வருடமாக இழுத்துவிடும் என்று இந்துவே ஒரு முறை சொல்லியிருந்தாள். சும்மா உட்காருவது என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்கு உள்ளங்கால் அரித்தது.

இந்து லேப்டாப்பில் இரண்டு படங்களைக் காட்டினாள். முதல் பள்ளி கடலோரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு பெரிய மலைத்தொடருக்குக் கிழக்கே இருந்தது. ஓடுபாதைக்குப் பின்னால் நீலமாக மலை நின்றது. இரண்டாவது உள்நாட்டில், வெறும் பொட்டலில் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புதர்தான். ஒரு மேடுகூட இல்லை.

மறையூர்க்காரருக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஆடி மாதம் மூணாறில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தலையாறு எஸ்டேட்டைத் தாண்டி இறங்கினால் வைப்பரை நிறுத்திவிடலாம், மறையூரில் பளிச்சென்று வெயிலடிக்கும். மேற்கே நிற்கிற மலை மழையை அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து ஜெகன் பார்த்து வந்தது அது.

"ஏட்டி, இது நம்ம ஊருல்லா!" முதல் படத்தில் விரலை வைத்தார். "மலைக்குக் கிழக்க கிடக்கு பாரு. மழை அங்கிட்டே நின்னுரும். நெதமும் பறக்கலாம்."

"அப்ப இன்னொண்ணு?"

"மலையே இல்லாத பொட்டல்ல மழையை எவன் தடுப்பான்?"

"அப்பா, அங்க காத்து வந்து..." என்று இந்து ஆரம்பித்தாள். ஜெகன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க மறையூருக்கு வேறு பேச்சில்லை. ஜோஜோவால் கண்டுபிடிக்க முடியாததைத் தான் ஒரு படத்தைப் பார்த்தே கண்டுபிடித்ததாக ஸ்டாண்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், கரும்புச் சர்க்கரை வாங்க வந்த வியாபாரியை நிறுத்தி வைத்துச் சொன்னார். ஆனாலும் மனசு நிலைகொள்ளவில்லை. முடிவு எடுத்த மனிதன் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? இவர் சவாரியைப் பாதியில் நிறுத்தி இந்துவுக்கு போன் போட்டு, "அந்த மலை நல்ல உசரம்தானே?" என்று கேட்டார். "உசரம்தான்பா" என்றாள். அவள் குரலில் உற்சாகம் இல்லாததைக் கவனித்தார். ஊரைப் பிரியும் வருத்தம் என்று தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்குப் போனார். ஐப்பசி மாதம். ஆலைக் கொட்டகைக்கு வெளியே, சர்க்கரை காய்ச்ச அடுப்பெரிக்கும் கரும்புச் சக்கை குவிந்து கிடந்தது. குருவம்மாள் அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கிழக்குப் பக்கம் மட்டும் பாயைத் தரைவரை இறக்கிக் கல் வைத்தாள்.

"அங்கிட்டு எதுக்கு இம்புட்டு இறக்குத? மழை மலைப் பக்கமிருந்துல்லா வரும்?"

குருவம்மாள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா கேட்டீங்க போங்க. ஐப்பசி மழை உடுமலைப் பக்கமிருந்துதான வரும்? வருசா வருசம் இந்தச் சக்கையை மூடுதேன், இன்னைக்குத்தான் பாக்கீங்களோ?"

ஜெகன் கிழக்கே திரும்பிப் பார்த்தார். சின்னாறுக்கு மேலே வானம் கறுத்திருந்தது. ஐப்பசியில் காற்று கிழக்கேயிருந்து வந்தால், மேற்கே நிற்கிற மலை எதைத் தடுக்கும்? வந்த மேகமெல்லாம் அதில் முட்டிக்கொண்டு இங்கேயே அல்லவா கொட்டும்? அந்தப் பள்ளிக்குக் கிழக்கே கடல் இருக்கிறது. அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை. மலையைப் பார்த்தார், ஊரைக் கூட்டிச் சொன்னார், அவ்வளவுதான். குருவம்மாள் கூப்பிடக் கூப்பிட ஜீப்பைக் கிளப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். "ஏட்டி, அங்க காத்து எங்கிட்டிருந்து வருது?"

இந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"கடல்லருந்துப்பா. கிழக்கேருந்து. மேகம் மலையில முட்டி அங்கேயே நின்னுரும். அங்க படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட பேசினேன். பாதி நாள் ரூம்லதான் இருக்காங்களாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொட்டலுக்குத்தான் மேகமே போகாதாம்."

"எப்பத் தெரியும்?"

"படம் காட்டின அன்னைக்கே தெரியும். சொல்ல வந்தேன்."

"தெரிஞ்சுமா நாளைக்கு அதையே சொல்லப் பாத்த?"

"நீங்கதான ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. ஸ்டாண்டுல எல்லாரும் சிரிப்பாங்கள்லாப்பா." அவள் கண் கலங்கியது. "எப்பிடியாவது சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்."

ஜெகனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சமையல்கட்டு வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"நாளைக்கு மேல பறந்துக்கிட்டு இருப்ப. எதுத்தாப்புல மேகம் நிக்கும். பக்கத்துல உக்காந்திருக்கிற பெரியவரு, போலாம் போலாம்னு சொல்லுவாரு. அவரு மனசு நோகும்னு உள்ள விட்டுருவியா?"

கேட்டுவிட்டு அவரே ஆடிப்போய்விட்டார். அப்படி வாயை மூடிக்கொள்ள அவளைப் பழக்கியது யார்? அவள் பேச வாயெடுத்தபோதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு போனது யார்?

"மழைக்காகச் சொல்லலட்டி," என்றார் மெதுவாக. "பின்னாடி ஒரு மலை நின்னா, நீ இங்க இருக்காப்புல இருக்கும்னு தோணிச்சு. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, மழையைச் சொல்லிட்டேன். ஜோஜோகிட்ட நீயே பேசு. எதுன்னு நீயே சொல்லு. ஸ்டாண்டுல நான் சொல்லிக்கிடுதேன்."

இந்து போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெகன் வாசலில் இறங்கி ஜீப்பைச் சுற்றினார். கிழக்கேயிருந்து தூறல் விழ ஆரம்பித்தது. நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி குருவம்மாள் வந்து, மகள் உள்ளே பேசுவதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனாள்.

"சொல்லிட்டேன்பா," என்று இந்து வெளியே வந்தாள்.

எதைச் சொன்னாள் என்று கேட்பதில்லை என்றுதான் ஜெகன் இருந்தார். இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதற்கு மேல் முடியவில்லை.

"அந்தப் பொட்டல்ல ஒரு மலைகூடத் தெரியாதாட்டி?"

"தெரியாதுப்பா."

"தூரத்துலகூட?"

இந்து யோசித்தாள். "தரையில நின்னா தெரியாது. மேல ஏறிட்டா தெரியும்பா."

ஜெகன் வாசற்படியில் உட்கார்ந்தார். குருவம்மாள் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். அதை உட்கார்ந்தபடியே குடித்தார்.