புள்ளி புள்ளியாய் வந்த தாலி

2009-ஆம் ஆண்டு. நாகர்கோவிலில் ஒரு சின்ன வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலைக்கு நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. “இதுக்குப் பொம்பளப் பிள்ளையா?” என்று ஓனர் அண்ணனிடம் ஆட்கள் கேட்பது அவ்வப்போது என் காதிலும் விழும்.

அப்போது முட்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள்தான் வீடியோ எடுத்தோம். பெண்ணின் அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போனதால், அவர் இல்லாமலேயே சர்ச்சில் கல்யாணம் நடந்தது. அடுத்த வாரம் மஸ்கட் கிளம்பும் உறவினர் ஒருவரிடம் டிவிடியைக் கொடுத்து அனுப்புவதாக ஏற்பாடு.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். உடனே படம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. மறுபடி தெளியும்போது தாலி பெண்ணின் கழுத்தில் இருக்கிறது! கேமராவுக்குள் தூசி போயிருக்க வேண்டும். இன்னொரு கேமராவில் சத்தம் நன்றாக இருந்தது. ஆனால் படத்தில் தெரிந்ததெல்லாம் சொந்தக்காரர்களின் முதுகுகள்தான்.

ஓனர் அண்ணன் பெண்ணின் அம்மாவை வரவழைத்து உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்த மனுசன் இத ஒண்ணப் பாக்கத்தான மக்கா காத்துக் கெடக்காரு!”

“ரெண்டு நாள் தாங்கம்மா. நான் சரி பண்ணித் தாரேன்” என்று சொல்லிவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், வாயை விட்டுவிட்டோமோ என்றிருந்தது.

போட்டோகிராபர் எடுத்ததில் அந்த நேரத்துக்குக் கையில் இருந்தவை இரண்டு புகைப்படங்கள். ஒன்றில் மாப்பிள்ளையின் கையில் தாலி. மற்றதில் முடிச்சுப் போட்ட கணம். ஒன்று மங்கி மற்றது தெரிகிற மாதிரி இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டது போலிருந்தது.

அப்போதுதான் தோன்றியது: படம் கட்டமாகத்தானே உடைந்தது? உடையட்டும். ஆனால் நான் சொல்கிறபடி உடையட்டும்.

கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று பொடிக் கட்டங்கள் கலந்து கிடக்கும் ஒரு படத்தை நானே உருவாக்கினேன். அந்தப் படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் புதிய காட்சி முதலில் தெரியும். வெள்ளையான இடத்தில் கடைசியாகத் தெரியும். அதற்கு மென்பொருளில் வசதி இருந்தது. முதல் தடவை பெண்ணின் முகம் அம்மைத் தழும்பு விழுந்தது போல வந்தது. கட்டங்களை இன்னும் சிறிதாக்கினேன். ஆன்டெனா கழன்ற டிவி மாதிரி படம் முழுக்கப் புள்ளி பறந்தது. நடுவில் கரண்ட் போய், செய்த வேலை பாதி அழிந்தது. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில், பெண்ணின் கழுத்து வரும் இடத்தில் மட்டும் கட்டங்களை நல்ல கறுப்பாக்கி, அங்கிருந்து விலக விலக வெளுப்பாக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கையிலிருந்த தாலி மணல் போல உதிர்ந்தது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவே முதலில் பெண்ணின் கழுத்தில் தாலி தெரிந்தது. பிறகு முடிச்சிடும் விரல்கள். பிறகு அவள் குனிந்த முகம். பின்னணியில் அடுத்த கேமராவில் பதிவான பாட்டும் மணியோசையும். அண்ணன் மறுபடி ஓட்டச் சொன்னார்.

அதைப் பார்த்த பெண்ணின் அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். “ஏட்டி, இத நீயா செஞ்ச?”

சில வாரங்கள் கழித்து ஸ்டுடியோவுக்கு மஸ்கட்டிலிருந்து போன். “படத்தச் செஞ்ச பிள்ளைகிட்ட குடுங்க” என்றாராம் பெண்ணின் அப்பா. அண்ணன் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“பழுது உண்டுன்னு வீட்டுல சொன்னா மக்கா. எங்க பழுதுன்னு தேடித் தேடிப் பாத்தேன், காணல்ல. அந்தத் தாலி வருகு பாரு, அங்க நிறுத்தி நிறுத்திப் பாத்தோம். ரூம்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனேன்.”

பிறகு மாதக்கணக்கில், “முட்டத்துக் கல்யாணத்துல போட்ட அந்தப் புள்ளி எங்களுக்கும் வேணும்” என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் என் பக்கம் கையைக் காட்டி, “அத அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்க” என்பார்.

இன்று ஒரு பட்டனைத் தட்டினால் அதைவிட அழகாகவே வந்துவிடுகிறது. என்றாலும், ஓர் அப்பா தேடித் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல் போன அந்தப் பழுதுதான், நான் ஒரு எடிட்டர் என்று என்னையே நம்ப வைத்தது.