மூன்று மொழியிலும் சூடுதான்

என் கணவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஆட்களை மேய்த்துவிட்டு, மிச்சம் இருக்கிற அதிகாரத்தை டிபன் பாக்ஸோடு வீட்டுக்குக் கொண்டுவருவார்.

எனக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது. எல்லையைத் தாண்டி கர்நாடகப் பக்கம் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். வாதத்துக்கு ஒரு மாத்திரை, வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் வைட்டமின் மாத்திரை. இரண்டும் சின்னது, இரண்டும் மஞ்சள். டாக்டர் தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம் சொன்னார். இவர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க என் விரலில் வலு இல்லை. ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவர் பிதுக்கி என் கையில் வைப்பார், நான் விழுங்குவேன். கொஞ்ச நாளில் வலி குறையவில்லை என்றதும், ஐயா டாக்டரைத் திருத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைத் தினமும் கொடுக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சள் மாத்திரை, நானும் விழுங்கினேன்.

முதலில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். பிறகு கன்னத்துக்குள், உதட்டில், தொண்டை வரைக்கும். ஈறில் ரத்தம். ஆறிய கஞ்சிகூட எரிந்தது. எச்சில் விழுங்கக் கண்ணீர் வரும். ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பேசுகிறவள் நான்; வாயைத் திறக்க முடியாமல் கிடந்தேன். வீடு அமைதியாக இருக்கிறது என்று இவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் இருந்திருக்கும்.

ஊரே வைத்தியம் சொல்ல வந்தது. எதிர்வீட்டு அம்மா, "ஒடம்புல சூடு ஏறிப்போச்சு. மணத்தக்காளி கீரைய தேங்காப்பால்ல போட்டுக் குடு" என்றார். வீட்டு ஓனரம்மா கன்னடத்தில் "உஷ்ணா" என்றார். கீழ்வீட்டுக்காரி தெலுங்கில் "வேடி" என்றாள். மூன்று மொழியில் ஒரே உளறல். அதையும் ஓசூர் குளிரில் ஸ்வெட்டரும் குல்லாவும் மாட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். தெருமுனை கிளினிக் டாக்டர் என் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பி காம்ப்ளக்ஸ் எழுதித் தள்ளினார். படித்தவர் என்பதால் சூடு என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

கடைசியில், பல்லில்தான் ஏதோ கோளாறு என்று இவரே முடிவுகட்டி ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்தப் பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அவரைப் பெரிதாகப் புகழ மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டார், அவ்வளவுதான். அதைக்கூட அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாத்திரையின் பெயரைச் சொன்னார். "டெய்லி நாந்தான் குடுக்கறேன் மேடம். ஒரு நாளும் மிஸ்ஸாவாது."

"டெய்லியா? இது வாரத்துக்கு ஒரு தடவைதானேங்க?"

"சுகர் மாத்திரை டெய்லி, பிரஷர் மாத்திரை டெய்லி. இது மட்டும் என்ன மேடம், ஞாயித்துக்கெழம வெரதமா? அதான் நானே மாத்திட்டேன்."

அந்த டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "இது வெறும் வாய்ப்புண் இல்லீங்க. உள்ள ரத்த அணுவெல்லாம் கொறஞ்சிருக்கும், வாயில முன்னாடியே காட்டுது. இன்னைக்கே அட்மிட் பண்ணுங்க. இன்னும் நாலு நாள் இதையே குடுத்தீங்கன்னா உயிருக்கே ஆபத்து."

எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் திறக்கவில்லை.

கர்நாடகப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. ஊசி, டிரிப்ஸ் என்று ஏற்றி, மெல்லமெல்ல வாய் ஆற ஆரம்பித்தது. இவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தான் சரியான நேரத்தில் கூட்டிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் கொடுத்த மாத்திரை என்ற இடம் மட்டும் அந்தக் கதையில் வராது. அருவருப்பாக இருந்தது எனக்கு.

பர்கூரிலிருந்து நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். இவர் சொன்ன கதையைக் கேட்டு உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பி மட்டும் இல்லன்னா நீ பொழச்சிருப்பியா? புண்ணியவான்."

உதடு வெடித்தாலும் பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன். இத்தனை நாளில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"ஏங்க, வாரத்துக்கு ஒரு தடவ போடற மாத்திரைய டெய்லி குடுத்தது யாருன்னு உங்கக்காவுக்கும் சொல்லுங்க."

நாத்தனார் தம்பியின் முகத்தைப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்தார். "எளநி வாங்கியாறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நர்ஸ் கொண்டுவந்த மாத்திரையை அன்றைக்கு நானே எடுத்தேன். அட்டையைக் கட்டில் சட்டத்தில் வைத்து, ஸ்பூன் காம்பால் அழுத்தினேன். வெகுநேரம் பிடித்தது, ஆனால் வந்துவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறேன். அந்த ஸ்பூன் மேல் இருக்கிற நம்பிக்கை அந்த மனிதர் மேல் எனக்கு இனி வராது.