சவரிநாதன் அடைத்த வழி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே ஊர். மேற்கே கல்லறைத் தோட்டம். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றாமல் வீட்டிலிருந்து தோளில் சுமந்து போவதே அவ்வூர்க் கிறிஸ்தவர்களின் வழக்கம். சவரிநாதன் முப்பது வருடம் அப்படிச் சுமந்தவர்.

சாலையின் நடுச்சுவரில் ஒரு திறப்பு இருந்தது. அதில் மூன்று பேர் அடிபட்டு இறந்தபின், வார்டு உறுப்பினரான அவர் திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார். கடைசியில் ஒரு தீர்வு கிடைத்தது. திறப்பை மூடிச் சுரங்கப்பாதை அமைப்பது ஒன்றிய அரசின் பொறுப்பு; அதற்கு வந்து சேரும் ஊர்ச்சாலைக்கு நிலம் எடுப்பது மாநில அரசின் பொறுப்பு. ஊர் சார்பில் சவரிநாதன் சம்மதக் கையெழுத்துப் போட்டார். இரண்டு அரசுகளும் சேர்ந்தே வேலையை முடிக்கும் என்று நம்பியது அவர் பிழை. அதிகாரத்தைப் பங்கு பிரிக்கலாம். அவசரத்தைப் பிரிக்க முடியாது.

திறப்பு பத்து நாளில் மூடப்பட்டது. நிலம் நான்கு வருடமாக வரவில்லை. நிலம் வந்தால் தோண்டுவோம் என்றது ஓர் அலுவலகம். தோண்டத் தேதி சொன்னால் நிலம் எடுப்போம் என்றது மற்றொன்று. சட்டப்படி இரண்டு பதிலிலும் குற்றமில்லை. இடையில் இறந்தவர்களை வேனில் ஏற்றி, ஆறு கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

சவரிநாதனின் மனைவி பாக்கியமேரி படுக்கையில் விழுந்தபோது கேட்டது ஒன்றுதான்: “என்னை மட்டும் வேன்ல போட்டுடாதீங்க.” அவர் சரி என்று தலையசைத்தார்.

தவக்காலத்தில் அவள் இறந்தாள். நான்கு பேர் பெட்டியைச் சுமந்து, லாரிகளுக்கு இடைவெளி பார்த்து, நடுச்சுவர்வரை போய்விட்டார்கள். சுவர் மார்பளவு. தூக்கும்போது பெட்டி சரிந்தது. உள்ளே அவள் நகர்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. திரும்பி வந்துவிட்டார்கள்.

மைத்துனன் அந்தோணி பிரபுவுக்குத் தாங்கவில்லை. “ரெண்டு சர்க்காருக்கும் மனு எழுதுன ஆளாச்சே மாமா நீ. எந்த சர்க்காரு வந்து எங்கக்காவைத் தூக்கும்?”

சவரிநாதன், “வேனைக் கூப்புடுப்பா” என்றார்.

வேனில் அவர் ஏறவில்லை. அது விழுப்புரம் பக்கம் போய் மறைந்ததும், தனியாகச் சாலையில் இறங்கிச் சுவரேறிக் குதித்தார். ஐந்து நிமிடத்தில் கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. குழி தோண்டி முடித்திருந்த மாசிலாமணி, அவர் பின்னால் யாரும் வராததைப் பார்த்துவிட்டு, பெட்டி எங்கே என்று கேட்டார்.

“சுத்திக்கினு வருது” என்றார் சவரிநாதன்.