கவிழ்ந்த ரொட்டியும் காய்ந்த கண்ணும்

சாவு வீட்டில் அழாத பெண்ணை எங்கள் மர்கிலான் ஊரில் யாரும் மன்னிப்பதில்லை. திருடியவளைக்கூட மன்னித்துவிடுவார்கள், பாவம், என்ன கஷ்டமோ என்று கையில் ரெண்டு ரொட்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் கூடப் பிறந்தவனைத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில் முற்றத்தில் நிற்கிற தங்கையின் கண்ணில் பொட்டு ஈரம் இல்லையென்றால் அதை ஊர் மறக்குமா? சனோபர் அப்படித்தான் நின்றாள். நீல அங்கி, வெள்ளை முக்காடு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி, முறையில் ஒரு குறை இல்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஓலமிட்டார்கள். இறந்தவரை எப்போதோ ஒரு விருந்தில் பார்த்த தூரத்துச் சம்பந்திகூட மார்பில் அடித்துக்கொண்டாள். சனோபர் உதட்டைக் கோணிப் பார்த்தாள். அண்ணன் தன்னைச் சைக்கிளில் உட்கார வைத்து ஓட்டிப் போனதை நினைத்துப் பார்த்தாள். யாருக்கும் தெரியாமல் தொடையைக் கிள்ளியும் பார்த்தாள். வரவில்லை. துக்கம் இல்லாமல் இல்லை. நெஞ்சுக்குள் பாறாங்கல்லாகக் கிடந்தது. அது கண்வரை ஏறி வரத்தான் வழியில்லை.

அடுத்த வீட்டுக் கரோமத் இதைப் பார்த்துவிட்டாள். கரோமத் கெட்டவள் அல்ல. யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாகச் சூப்போடு வந்து நிற்பாள். வாய்தான் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. "கல்லுக்குள்ளகூட ஈரம் இருக்கும்பாங்க. இவ என்ன கல்லுன்னு தெரியலையே" என்று அவள் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தது, ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்புவதற்குள் மூன்று தெரு சுற்றி வந்துவிட்டது.

குற்றம் சனோபருடையது இல்லை, அவள் சாப்பிடுகிற மாத்திரையுடையது. அதற்காக அந்த மாத்திரையைத் திட்டவும் அவளுக்கு நாக்கு எழாது. அவளை மனுஷியாக நடமாட வைத்ததே அதுதான்.

ரொட்டி கவிழ்ந்து கிடந்தால் எங்கள் பக்கத்தில் யார் கண்ணில் பட்டாலும் நிமிர்த்தி வைப்பார்கள். அது சாப்பாட்டுக்குச் செய்கிற மரியாதை. சனோபர் மரியாதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மகள் ஸெபோ பிறந்த வருஷத்திலிருந்து அவளை ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது: எங்கோ ஒரு ரொட்டி குப்புறக் கிடக்கிறது, அதனால் பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது. நிமிர்த்தி வைப்பாள். வைத்தோமா என்று சந்தேகம் வரும், திரும்பி வந்து பார்ப்பாள். சரியாகத்தான் பார்த்தோமா என்று அடுத்த சந்தேகம் வரும். பஜாரில் ரொட்டிக்காரர்கள் அவள் தலையைக் கண்டதும் கூடைகளைத் துணி போட்டு மூடினார்கள். அவள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய ஸெபோவைப் பாதி வழியில் நிறுத்தி, வீட்டுக்கு ஓடிப்போய் ரொட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்வாள். கணக்கு வாத்தியார் அந்தப் பிள்ளையை காலை முதல் பீரியடில் பார்த்ததே கிடையாது. சாயங்காலமானால் சனோபர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவாள். அந்தக் காலத்தில் அழுகைக்கு மட்டும் அவளிடம் பஞ்சமே இருந்ததில்லை.

தெருக்காரர்கள் அவளை முதலில் ஒரு முல்லாவிடம் கூட்டிப்போனார்கள். நல்ல மனிதர். கிண்ணத்துத் தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கச் சொன்னார். ஊதும்போது எச்சில் தெறித்திருக்குமோ என்ற யோசனையில் அவள் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் முல்லாவே கும்பிடாத குறையாக, "தாயி, நீ நல்ல டாக்டரா பாரு" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் டாக்டர் யூனுஸ்ஜானிடம் வந்து சேர்ந்தாள். அவர் எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், வாரம் தவறாமல் உட்கார வைத்துப் பேசினார். சுழற்சி மெல்ல அடங்கியது. சனோபர் பஜாரில் பொத்தானும் நூலும் விற்கிற கடை போட்டாள். ரொட்டிக்காரர்கள் அவளுக்கு சலாம் சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததில், அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் செத்த அன்றுதான் தெரிந்தது. இந்த மருந்தில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

அண்ணன் போன மறு வசந்தத்தில் ஸெபோவுக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை கோகந்து ஊர்க்காரன், கண்ணாடி போட்ட சாது. பெண்ணை வீட்டைவிட்டு அனுப்புகிற நேரத்தில் தாய் அழ வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை, நாலு பேர் பிடித்துக்கொள்கிற அழுகை. நிச்சயத்துக்கு வந்த கரோமத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "அண்ணனுக்குத்தான் அழல. பொண்ணுக்காவது அழுவியா, இல்ல அதுக்கும் நாங்கதான் ஆள் வைக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சனோபரும் சிரித்தாள். ஆனால் அது சுருக்கென்று தைத்துவிட்டது. கரோமத்துக்காக மட்டும் இல்லை. ஒரே மகள் போகிறபோது பாறாங்கல்லைச் சுமந்துகொண்டு நிற்க அவளுக்கே பயமாக இருந்தது. மறுநாள் காலையில் மாத்திரையை எடுத்தாள், வாசல் கால்வாயில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வாரம் முடிவதற்குள் ஒரு காலை, அடுப்படியில் நின்றவளுக்குத் தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி விர்ரென்று இழுத்தது. தரை சாய்ந்தது, சுவர் நகர்ந்தது. பூமி அடிக்கடி ஆடுகிற பெர்கானாப் பள்ளத்தாக்கில் பிறந்தவளுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். பூகம்பம் என்று கத்திக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டிருந்த புருஷன் எர்காஷை உள்ளாடையோடு தெருவுக்கு இழுத்து வந்தாள். அவளைப் பார்த்து கரோமத் வீடு காலி, கரோமத்தைப் பார்த்து எதிர்வீடு காலி. தெரு முழுக்க ஜமுக்காளமும் கோழியும் கைக்குழந்தையுமாக நின்றது. கூரையில் ஒரு ஓடுகூட அசையவில்லை. எதிர்வீட்டுக் கிழவர் மட்டும், தான் அதிர்வை நன்றாகவே உணர்ந்ததாக இன்றுவரை சத்தியம் செய்கிறார்.

டாக்டர் யூனுஸ்ஜான் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, இதத் திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? ஆடினது பூமி இல்ல, உங்க தல."

"தம்பி, என் பொண்ணு போறப்ப எனக்கு அழணும்" என்றாள் சனோபர்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு விவரமாகச் சொன்னார். பழையபடி மாத்திரையைத் தொடங்க வேண்டும். சில வருஷங்களாக நன்றாக இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். சந்தேகம் திரும்பி வந்தால் அதே இடத்தில் நின்றுவிட வேண்டும், கல்யாணம் கருமாதி என்று பேரம் பேசக்கூடாது. குறைந்தாலும் அழுகை வருமென்று அவர் எழுதித் தரமாட்டார். அதோடு தினமும் பயிற்சி: ஒரு ரொட்டியைக் குப்புற வைத்துவிட்டு, பயம் வந்து அதுவாக அடங்குகிறவரை தொடாமல் உட்கார வேண்டும். இப்படி, என்று தன் மேஜையிலிருந்த ரொட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். பயம் என்பது விருந்தாளி மாதிரி, கவனிக்காவிட்டால் கிளம்பிவிடும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் கை போய் ரொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டது. சனோபர் ரொட்டியைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். அவர் அசடு வழிய மறுபடி கவிழ்த்தார். தேநீர் கொண்டுவந்த நர்ஸ் போகிற போக்கில் அதை நிமிர்த்திவிட்டுப் போனாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். சனோபர் பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருவாள். பயம் வந்து நன்றாக ஏறும்போது எர்காஷ் வந்து நிமிர்த்துவார். அவரைத் திட்டி அனுப்பினால் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன் நிமிர்த்துவான். கரோமத் உப்பு கேட்க வந்தாள், "தூ, என்ன வீடு இது" என்றபடி நிமிர்த்தினாள், உப்பை வாங்காமலே போனாள். தன் நோய்க்கு மருந்தாக ஒரு ரொட்டியைக் குப்புறப் போட்டு வைக்க இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இடமில்லை.

விஷயம் ஸெபோவுக்குத் தெரிந்தது அப்போதுதான். ரொட்டியைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மாத்திரையைக் குறைப்பதைச் சனோபர் சொன்னதும், எதற்கு என்று கேட்டாள். சனோபர் மழுப்பிப் பார்த்து, கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு அழற அம்மா வேணாம்" என்றாள் ஸெபோ. "சின்ன வயசுல பார்த்தது போதும். கரோமத் அத்தைக்கு வேணும்னா நீ அழு, எனக்காகன்னு சொல்லாத."

அது நியாயம்தான் என்று சனோபருக்கும் பட்டது. இருந்தாலும் விடவும் மனசில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, ரொட்டி ஒருநாள்கூடக் குப்புறக் கிடக்க மறுக்கிறது, ஊரே நோயாளியாக இருக்கிறது, நான் என்ன செய்ய என்று கேட்டாள்.

"நிமிர்த்திட்டுத் திரும்பி வந்து பாக்குறாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

இல்லை என்றாள் சனோபர்.

"அவ்வளவுதான் அக்கா வித்தியாசம். நீங்களும் ஒரு தடவ நிமிர்த்துங்க, போயிருங்க. அவங்களுக்கு அது பழக்கம். திரும்பி வந்து பாக்குறதுதான் வியாதி."

ஆக அந்தக் கோடை முழுக்கச் சனோபருக்கு வாத்தியார் கரோமத். அவள் வருகிற நேரம் பார்த்து ரொட்டியைக் கவிழ்த்து வைத்து, நிமிர்த்துகிற அழகைக் கவனிப்பாள். கரோமத் ஊர்வம்பை ஒரு மூச்சுகூட நிறுத்தாமல், ரொட்டியைப் பார்க்காமலே நிமிர்த்துவாள், அத்தோடு அது அவள் நினைவிலிருந்து போய்விடும். என்ன கொடுப்பினை என்று சனோபர் உண்மையாகவே பொறாமைப்பட்டாள். தானும் அப்படிப் பழகினாள். மாத்திரை கால்வாசி குறைந்தது, பொறுத்துப் பார்த்துப் பாதிக்கும் கீழே இறங்கியது. முலாம்பழம் முன்னைவிட இனித்தது. பொத்தானை எண்ணாமல் அள்ளிய வாடிக்கைக்காரியிடம் பல வருஷத்துக்குப் பிறகு கோபம் வந்து சண்டை போட்டாள். அன்று சந்தோஷத்தில் வீட்டுக்கு இறைச்சி வாங்கிப் போனாள். அழுகை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், கடையைப் பாதியில் சாத்திவிட்டு ரொட்டியைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பார்த்துவிட்டுப் போனவள் மறுபடி வந்தாள். மறுநாளும் அதே கதை. மறைக்கலாம் என்றுதான் நினைத்தாள். தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஸெபோவின் முகத்தைப் பார்த்ததும் மறைக்கத் தோன்றவில்லை, நேரே டாக்டரிடம் போனாள். அவர் சற்று ஏற்றிவிட்டு, பாதி மாத்திரையில் நிற்போம், அதற்குக் கீழே இப்போதைக்கு வேண்டாம் என்றார். பேரம் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாரே. சனோபர் பேசவில்லை.

கல்யாண நாள் நன்றாகவே நடந்தது. விடியற்காலை விருந்துக்கு வைத்த பிலாவ் சோற்றில் யாரும் குறை சொல்லவில்லை. வாத்தியக்காரர்களின் மேஜையில் ஒரு ரொட்டி குப்புறக் கிடந்ததைச் சனோபர் பார்த்தாள், ஒருமுறை நிமிர்த்தினாள், நடந்தாள். கழுத்து திரும்பு திரும்பு என்றது. திருப்பாமலே அடுப்படி வந்து சேர்ந்தவளுக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

சாயங்காலம் நீளக் கொம்புகள் முழங்க, மாப்பிள்ளையின் கார் வாசலில் வந்து நின்றது. கரோமத் எல்லாருக்கும் முன்னால் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். எர்காஷ் இரண்டு கையையும் ஏந்தி மகளுக்காக துஆ கேட்டார், பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டார். பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். ஸெபோ முக்காட்டுக்குள்ளிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சனோபர் காத்திருந்தாள். பாறாங்கல் அசைந்தது, நிச்சயமாக அசைந்தது, தொண்டைவரை வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தெருவே அவள் கண்ணைப் பார்த்தது, அது துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசியில் கரோமத்தே பொறுக்க முடியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். அவளைத்தான் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கார் போய்விட்டது.

மறுநாள் காலை வீடு முழுக்க இரவல் பாத்திரங்கள். எர்காஷ் தூங்கிக்கொண்டிருந்தார். சனோபர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஸெபோதான், கிசுகிசுத்தாள். மாமியார் வீட்டில் இன்னும் யாரும் எழவில்லை, முற்றம் கூட்ட வெளியே வந்திருக்கிறாளாம். எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை எப்படி, என்ன சாப்பிட்டாய் என்று சனோபர் அடுக்கிக்கொண்டே போனாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ மாத்திர போட்டியா?" என்றாள் ஸெபோ.

போட்டுவிட்டேன் என்றாள் சனோபர்.

"நெசமா? இனிமே நான் பக்கத்துல இல்லம்மா. நீயா ஞாபகம் வச்சுக்கணும்."

யாரோ எழுந்துவிட்டார்கள் போல, போன் பட்டென்று நின்றது. புது மருமகள், முதல் காலை, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் மாத்திரையை நினைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையோடு ரொட்டியைப் பார்க்க ஓடியவள் ஓட்டத்தை இன்னும் நிறுத்தவில்லை. சனோபருக்குத் தொண்டையில் இருந்தது உடைந்தது. தட்டைக் கீழே வைக்கக்கூட நேரம் கொடுக்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

முதலில் வந்த நினைப்பு, கரோமத் பார்க்க வேண்டும் என்பதுதான். துடைக்காமல், தளும்புகிற கிண்ணத்தைக் கொண்டுபோவது போல முகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி ஓடி வாசல் கதவைத் திறந்தாள். கரோமத் தெருவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னடி, விடியறதுக்குள்ள வெங்காயமா? கண்ணெல்லாம் இப்படிச் செவந்து கெடக்கு."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பதில் சனோபரின் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் கரோமத்தின் முகத்தைப் பார்த்தபோது, ஸெபோவின் குரல் இன்னும் காதிலேயே இருந்தது. இதை இவளிடம் ஏன் காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"ஆமாக்கா, வெங்காயந்தான்" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து மீதியையும் அழுது முடித்தாள்.