மூன்று பூவரசில் ஒன்று

எங்கள் தீவில் ரயில் ஓடியதில்லை. ஓடியது பஸ். சரவணையிலிருந்து வயலுக்கு நடுவே அணைபோல உயர்த்திப் போட்ட தெருவால் கடற்கரை வரை போய்த் திரும்பும். சண்டைக்குப் பயந்து சனம் தீவை விட்டு வெளிக்கிட்ட வருடத்தோடு அது நின்றுபோனது. பிறகு தார் போட்ட காப்பெற் றோட் வேறு பக்கத்தால் வந்துவிட, பழைய தெரு பற்றை மண்டிக் கிடந்தது. போன வருடம் அதை நடக்கவும் சைக்கிள் ஓடவும் ஏற்ற பாதையாக்கப் போவதாகச் சொன்னார்கள். அளக்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், முப்பது வயது தாண்டிய ஒரு பெண், கைப்பேசியில் வெளிநாட்டுப் படமொன்றைக் காட்டினாள். ரயில் ஓடாத தண்டவாளங்களைக் கழற்றிவிட்டு அங்கே இப்படித்தான் செய்கிறார்களாம்.

“இதே மாதிரித்தான் வரும் அன்ரி. பின்னேரத்திலை நீங்களும் அங்கிளும் நடக்கலாம்.”

நான் தபாற்கந்தோரிலிருந்து ஓய்வுபெற்றவள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்க மாட்டேன். பாதையோர வீட்டுக்காரருக்குத் தந்த சம்மதக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஓரத்தில் நிற்கும் மரங்கள் அகற்றப்படும் என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்து வைத்தேன்.

அடுத்த கிழமை மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ரால் குறி போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே, அணையின் ஓரத்தில், மூன்று பூவரசுகள் வரிசையாக நின்றன. மூன்றிலும் குறி. அவற்றில் ஒன்றின் கீழேதான் என் முதல் பிள்ளை இருக்கிறது.

பத்தொன்பது நாள் பிள்ளை. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. பெயரும் வைக்கவில்லை, எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துத்தான் பெயர் வைப்பது. அவ்வளவு சின்னப் பிள்ளைகளை எரிப்பதுமில்லை, புதைப்பதுதான். சுடலை கடற்கரையில். அந்தப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் வயலெல்லாம் வெள்ளம். தண்ணீர் ஏறாத மண் என்றால் பஸ் தெருவின் அணை மட்டும்தான். என் கணவர் பிள்ளையை என் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். பெண்கள் அந்த வேலைக்குப் போவதில்லை, நானும் போகவில்லை. திரும்பி வந்து, “அடையாளத்துக்கு ஒரு பூவரசங் கதியால் நட்டனான்” என்றார். அடுத்த நாள் விடிய வள்ளம் ஏறினோம்.

கதியால் என்பது வேலிக்கு நடுகிற தடி. மழைக்கு நட்டால் வேர் பிடித்து மரமாகிவிடும். தீவு முழுக்கக் கதியால் வேலி நிற்கிற இடத்தில் கதியாலையே அடையாளமாக நட்டுவிட்டு வந்தவரை என்னவென்று சொல்வது. வேறு ஊர்க்காரன் என்றால் ஒரு கல்லையாவது வைத்திருப்பான்.

வருடங்கள் கழித்து நாங்கள் திரும்பியபோது வயற்காரர் எங்களுக்கு முதலே வந்து அணையோரமாக வேலி போட்டிருந்தார். நின்ற பூவரசை வேலி உயரத்துக்குத் தறித்து, அதன் கொப்புகளையே கதியாலாக நட்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். ஆடும் வெயிலும் தின்றதுபோக மூன்று மிஞ்சின. மூன்றும் ஒரே பருமன். எது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கணவரிடமும் கேட்கவில்லை. கடைக்குப் போகும்போது மூன்றையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டு போவேன். பிறகு பிறந்த இரண்டு பேரும் கனடாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியாது.

உத்தியோகத்தரிடம் உள்ளதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். எலும்பு என்று ஒரு சொல் வாயில் வந்தால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், கிண்டுவார்கள், பேப்பரில் போடுவார்கள். பத்தொன்பது நாள் பிள்ளைக்கு அவ்வளவு கூட்டம் வேண்டாம்.

“பிள்ளை, அந்த மூண்டு பூவரசையும் விடேலாதோ?” என்று மட்டும் அவளிடம் கேட்டேன்.

“ஏன் அன்ரி?”

“எங்கடை வீட்டுக்காரர் நட்டது.”

அவள் கடதாசியை விரித்துப் பார்த்தாள். “மூண்டும் ஏலாது. ஒண்டெண்டால் பாதையைக் கொஞ்சம் வளைக்கலாம். எது எண்டு நாளைக்குக் காலமை சொல்லுங்கோ. மெஷின் வருது.”

மத்தியானம் சோறு போடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் குழைத்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்குக் காட்டுறன்” என்றார்.

காலையில் என்னோடு அணைக்கு வந்தார். ஒரு தரம் இந்தப் பக்கமிருந்தும் ஒரு தரம் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். நடுவில் நின்றதைக் காட்டினார். அந்தப் பெண் அதன் குறிக்கு மேலே வெள்ளை அடித்தாள். மற்ற இரண்டையும் மெஷின் வேரோடு கிளப்பியது. நான் கிட்டப் போய் நின்று வேரோடு வந்த மண்ணைப் பார்த்தேன். மண்தான். மரம் நின்ற கிடங்குகளைக் கிறவல் மண் போட்டு மூடினார்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டேன். அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் குசினியில் காத்திருந்தேன். வரவில்லை.

இப்போது பாதை நல்ல வடிவாக இருக்கிறது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுகிறார்கள். பின்னேரம் இரத்தத்தில் சீனி கூடிய ஊர்ச் சலரோகக்காரர் எல்லாரும் அங்கேதான். என் கணவரையும் டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போவேன்.

போன மாதம் ஒரு பின்னேரம், பாதை வளைகிற இடத்தில் அவர் நின்றார்.

“உமக்கு ஒண்டு சொல்லவேணும். எது எண்டு எனக்கும் தெரியாது.”

“தெரியும்” என்றேன். அன்றைக்கு அவர் இரண்டு பக்கமும் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

“அப்ப ஏன் நடுவிலை நிண்டதைக் காட்டினனீங்கள்?” என்று கேட்டேன்.

“நடுவெண்டால், பிழைச்சாலும் பக்கத்திலைதானே கிடக்கும்.”

அவர் அவ்வளவு யோசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. “பொம்பிளைப் பிள்ளையெல்லோ” என்றேன்.

“ஓம்” என்றார். “உம்மடை மூக்கு.”